சித்திரை விடுமுறையில் ஹட்டன் பக்கம் ஆற்றுக் குளியல்: பிள்ளைகளோடு போக எதைப் பார்க்க வேண்டும்?

வன்னிக்குருவி (வவுனியா)

வணக்கம். சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்கு வான் பிடித்து மலையகம் வருகிறோம். மொத்தம் 9 பேர். அதில் அம்மாவும், 7 வயதிலும் 10 வயதிலும் இரண்டு பிள்ளைகளும் அடக்கம். இரண்டு இரவு ஹட்டனில், ஓர் இரவு பண்டாரவளையில் தங்கல். மூன்று பேருக்கு நீச்சல் தெரியும், ஆனால் எல்லாம் குளத்தில் பழகிய நீச்சல்தான்.

ஒரு நாள் ஆற்றில் குளிக்க ஆசை. எந்த மாதிரி இடம் பார்க்க வேண்டும், எத்தனை மணிக்குப் போக வேண்டும்? பிள்ளைகளுக்கு லொறி டியூப் ஒன்று கட்டிக் கொண்டுவர நினைக்கிறோம், சரிவருமா? ஹட்டனில் இருந்து கித்துல்கலைக்கு இறங்கவும், பண்டாரவளை நாளில் தியலும நீர்வீழ்ச்சியின் மேல் தடாகங்களுக்குப் போகவும் கூட வருபவர்கள் கேட்கிறார்கள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓயாக்கரை (ஹட்டன்)

தம்பி, முதலில் நேரத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் சித்திரையில் அதுதான் உயிர்ப் பிரச்சினை. மார்ச், ஏப்ரல் இரண்டும் பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட மாதங்கள். காலையில் வெயில் பளிச்சென்று இருக்கும், பதினொரு மணிக்குப் பிறகு முகில் கூடும், மத்தியானம் திரும்பியதும் இடியோடு கொட்டும். அந்த மழை நீங்கள் குளிக்கும் இடத்தில் பெய்யாமல் மேலே மலைமுகட்டில் மட்டும் பெய்யலாம். உங்கள் தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதே ஆறு பெருகி வரும். ஆகவே காலை 8, 9 மணிக்குத் தண்ணீரில் இறங்கி, 12 மணிக்கு முன் எல்லோரும் கரையேறி விடுங்கள். சாப்பாட்டை ஆற்றங்கரையில் வைத்துக்கொள்ளாமல் மேலே பாதைக்கு வந்து சாப்பிடுங்கள். முதல் நாள் பின்னேரம் பெருமழை பெய்திருந்தால் அடுத்த நாள் போகவே வேண்டாம்.

இறங்கியதும் தண்ணீர் விளிம்பில் ஒரு கல்லை அடையாளம் வைத்து, தண்ணீருக்குள் இறங்காத ஒருவரை அதைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அம்மாவே அந்த வேலைக்குப் பொருத்தம். கல் நனையத் தொடங்கினாலோ, தெளிந்த தண்ணீர் தேத்தண்ணீர் நிறத்துக்கு மாறினாலோ, இலையும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வந்தாலோ, ஆற்றின் இரைச்சல் மாறினாலோ உடனே கரையேற வேண்டும். உடுப்பு, செருப்பு எடுக்க நிற்க வேண்டாம். எந்தக் கரையில் வான் நிற்கிறதோ அந்தக் கரையிலேயே குளியுங்கள். அக்கரைக்குக் கடந்து போய், தண்ணீர் ஏறியதும் திரும்பி வர முயல்கிறவர்களைத்தான் ஆறு கொண்டுபோகும். இடி கேட்டால் மழை இல்லாவிட்டாலும் வெளியே வாருங்கள். ஏப்ரல் மாதம் இந்த நாட்டில் மின்னல் மிக அதிகமான காலங்களில் ஒன்று.

அடுத்தது அணைகள். மழையே இல்லாமல் ஆறு ஏறுவது இதனால்தான். கொத்மலை ஓயாவில் தலவாக்கலையில் இருக்கும் மேல் கொத்மலை அணை 2012இல் இயங்கத் தொடங்கியது. கீழே இருக்கும் கொத்மலை நீர்த்தேக்கம் 17 கோடி கன மீட்டருக்கு மேல் கொள்ளும். மேல் கொத்மலையின் பயன்படு கொள்ளளவு சுமார் 8 லட்சம் கன மீட்டர் மட்டுமே. ஆகவே மேலே கொஞ்சம் பலமாக மழை பெய்தாலே வான்கதவு திறக்க வேண்டிவரும். திறக்கும்போது சைரன் ஊதுவார்கள். அணைக்குக் கீழே கற்கள் காய்ந்து கிடப்பதைப் பார்த்து யாரும் ஆற்றின் நடுவுக்கு இறங்க வேண்டாம். கெஹெல்கமு ஓயா, மஸ்கெலி ஓயா இரண்டிலும் இதே கதைதான்: காசல்ரீ, நோர்ட்டன், மவுசாக்கலை, கெனியன், லக்ஷபான என்று வரிசையாக அணைகள். இந்த இரண்டு ஓயாவும் சேர்ந்து களனி கங்கையாகி கித்துல்கலைக்குப் போகின்றன. அங்கே நீர்மட்டம் மின்நிலையங்கள் ஓடுவதையும் பொறுத்தது, ஒரே நாளில் ஏறி இறங்கும். கித்துல்கலையில் படகு விடுபவர்களுக்கு அன்றைய நிலை தெரியும். அவர்களைக் கேட்காமல் பெரிய ஆற்றில் இறங்காதீர்கள். பிள்ளைகளோடு என்றால் அணை இல்லாத ஒரு கிளை ஓடையைத் தேடுவதே என் விருப்பம்.

இனி இடம். அழகைப் பார்த்துத் தெரிவு செய்ய வேண்டாம், கரையேறும் வழியைப் பார்த்துத் தெரிவு செய்யுங்கள். மணலோ சிறுகல்லோ சரிந்து இறங்கும் கரை, ஒரு பக்கமாவது இருக்க வேண்டும். நாலு பக்கமும் வழுக்குப் பாறை நின்றால் நீந்தத் தெரிந்தவரும் ஏற முடியாமல் களைத்துப் போவார். பிறகு மடுவுக்குக் கீழே ஒரு 50 மீட்டர் நடந்து பாருங்கள். அங்கே வீழ்ச்சி, ஒடுங்கிய கல்லிடுக்கு, குறுக்கே விழுந்த மரம் ஏதாவது இருந்தால் அந்த மடு வேண்டாம். விழுந்த மரத்தின் கிளைகளுக்குள் தண்ணீர் புகுந்து போகும், ஆள் போக முடியாது. நீரின் அழுத்தம் ஆளை அதிலேயே பிடித்து வைத்துவிடும்.

ஓட்டத்தைப் பார்க்க ஒரு சுள்ளியைப் போடுங்கள். 10 மீட்டர் போக 10 செக்கனுக்குக் குறைவாக எடுத்தால் நீச்சல் தெரியாதவர்களுக்கு அது இடமில்லை. பிள்ளைகளுக்கு அரை நிமிடமாவது எடுக்க வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் தண்ணீர் தள்ளும் பலம் நாலு மடங்காகும். குளத்தில் பழகியவர்களுக்கு இது பிடிபடாது. ஆழத்தை மூங்கில் கம்பால் குத்திப் பாருங்கள், கண்ணை நம்ப வேண்டாம். தெளிந்த தண்ணீரில் 3 அடி போலத் தெரிவது உண்மையில் 4 அடி. 2025 நவம்பரில் டித்வா புயல் கொண்டுவந்த வெள்ளமும் மண்சரிவும் மலையகத்தையே புரட்டிப் போட்டன. அதற்கு முன் யாராவது சொன்ன ஆழம், எடுத்த படம் எதையும் கணக்கில் எடுக்காதீர்கள். வெள்ளத்தில் கல்லும் மணலும் இடம் மாறும். அதனால்தான் பாறையில் ஏறித் தலைகீழாகக் குதிக்கவே கூடாது.

வீழ்ச்சியின் அடியில் போய் நிற்கும் ஆசையையும் விடுங்கள். வெள்ளை நுரையில் பாதி காற்று, அதில் உடம்பு மிதக்காது. விழும் தண்ணீர் ஆளைக் கீழே அழுத்தி, சுற்றி மறுபடி வீழ்ச்சிக்கடியிலேயே கொண்டுவந்து விடும்.

கடைசியாக ஒன்று. பக்கத்து லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) போய், "இங்கே குளிக்கலாமா?" என்று கேட்காதீர்கள், விருந்தாளி மனம் நோகக்கூடாது என்று "குளிக்கலாம்" என்பார்கள். "இந்த மடுவில் யாரும் செத்திருக்கிறார்களா, எந்த இடத்தில்?" என்று கேளுங்கள். இடத்தைக் கையால் காட்டியே சொல்வார்கள். தோட்டக் காணிக்குள் போவதானால் தோட்ட அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவது முறை.

ஊவாக்காரி (பண்டாரவளை)

ஓயாக்கரை அண்ணா சொன்ன நேரக்கணக்கு எங்கள் பக்கத்துக்கும் பொருந்தும். ஊவாவில் ஆற்றுக் குளியலுக்கு நல்ல காலம் ஜூனில் இருந்து செப்டெம்பர் வரை. அப்போது தென்மேல் பருவமழை ஹட்டன் பக்கம் கொட்டும், எங்களுக்கு வரட்சிக் காற்றுதான் வரும். சித்திரையில் இரு பக்கமும் பின்னேர இடிமழை.

தியலும 220 மீட்டர் உயரம், நாட்டில் இரண்டாவது. மேல் தடாகங்கள் அந்த விளிம்புக்கு மேலேதான் இருக்கின்றன. வீடியோவில் அமைதியாகத் தெரியும். ஆனால் அந்தத் தண்ணீர் முழுவதும் கடைசியில் விளிம்பால்தான் விழுகிறது. மேலே பூனாகலைப் பக்கம் மழை பெய்தால் பாறை முழுக்க வழுக்கும், தடாகங்களுக்கு இடையே கடக்கும் இடங்களில் ஓட்டம் ஏறும். 7 வயதுப் பிள்ளையோடு மேலே போகவே வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து. கொஸ்லந்தைக்கும் வெல்லவாயாவுக்கும் இடையே பிரதான வீதியில் நின்றே வீழ்ச்சியின் முழு உயரத்தையும் பார்க்கலாம், அம்மாவும் பார்ப்பா. பெரியவர்கள் மட்டும் போவதென்றால் அந்த ஊர் வழிகாட்டி ஒருவரோடு, விடியப் போய், விளிம்பை ஒட்டிய கடைசித் தடாகத்தை விட்டுவிட்டு மேலே உள்ளதில் குளிக்கட்டும். எல்ல இராவணன் நீர்வீழ்ச்சியில் பாறையில் ஏறி வழுக்கி இறந்தவர்கள் பலர். அங்கே பார்ப்பதோடு நிறுத்துங்கள். ஹோர்ட்டன் சமவெளி தேசிய பூங்கா, பேக்கர்ஸ் வீழ்ச்சியில் குளிக்க அனுமதி இல்லை.

காலுக்கு பாட்டா செருப்பு உதவாது, ஓட்டத்தில் கழன்று போகும், அதைப் பிடிக்கப் பாய்ந்து ஆள் போவதும் உண்டு. பழைய கன்வஸ் சப்பாத்து போடுங்கள். பாசிப் பாறையில் சப்பாத்துக்கு மேல் பழைய மேசு ஒன்றை இழுத்துப் போட்டால் நன்றாகப் பிடிக்கும். பெண்கள் நீளப் பாவாடை, சோல் போட்டுக்கொண்டு ஓட்டத்தில் இறங்கினால் காலைச் சுற்றும், தண்ணீர் பிடித்து இழுக்கும். லெகின்ஸும் டீசேர்ட்டும் போதும். ஜீன்ஸ் வேண்டாம்.

அட்டை ஓடும் தண்ணீரில் அவ்வளவு இல்லை, கரைப் புல்லிலும் தேயிலைக்குள்ளும்தான். மேசின் மேல் சவர்க்காரத்தைத் தடவிக்கொள்ளுங்கள். கடித்துவிட்டால் இழுக்காமல் வாய்ப்பக்கத்தை நகத்தால் வழித்துவிடுங்கள். கொஞ்ச நேரம் இரத்தம் கசியும், பயப்பட ஒன்றுமில்லை. பயப்பட வேண்டியது குளவிக்குத்தான். ஆற்றோரப் பெரிய மரங்களையும் பாறை முகடுகளையும் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். கூடு தெரிந்தால் அங்கே சமைக்கவோ புகை போடவோ வேண்டாம், இடத்தையே மாற்றுங்கள். கலைந்துவிட்டால் தலையையும் முகத்தையும் துணியால் மூடிக்கொண்டு ஓட வேண்டும். தண்ணீருக்குள் குதித்தால் மூச்சு எடுக்க வரும்போது முகத்தில் கொட்டும்.

வன்னிக்குருவி (வவுனியா)

மிக்க நன்றி அண்ணா, அக்கா. தியலும மேலே போவதைக் கைவிட்டோம், கீழே நின்று பார்ப்போம். ஹட்டன் பக்கம் சிறு ஓடை ஒன்றைத் தேடுகிறோம். டியூப் பற்றி யாரும் சொல்லவில்லையே? யாராவது இழுபட்டால் என்ன செய்வது என்பதையும் சொன்னால் உதவி.

கரைக்கயிறு (கண்டி, முதலுதவிப் பயிற்சியாளர்)

டியூப் வேண்டாம். ஓட்டத்தில் அது ஆளைவிட வேகமாக ஓடும், கல்லில் மோதினால் கவிழும், பிள்ளை நடுத்துவாரத்தால் வழுகி அடியில் போகும். காற்றூதிக் கையில் மாட்டும் பட்டியும் அப்படித்தான். பிள்ளையின் நிறைக்கு ஏற்ற லைஃப் ஜக்கெட் வாங்குங்கள் அல்லது வாடகைக்கு எடுங்கள். மாட்டிவிட்டு இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். நாடிக்கு (மோவாய்க்கு) மேல் ஏறினால் அது பெரிது. கவட்டுப் பட்டி உள்ளதாகப் பார்த்தால் இன்னும் நல்லது. ஜக்கெட் போட்ட பிள்ளைக்கும் கை எட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் நிற்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு ஒருவர் என்று பெயர் சொல்லிப் பொறுப்புக் கொடுங்கள். எல்லோரும் பார்க்கிறோம் என்றால் யாரும் பார்ப்பதில்லை.

மலைத் தண்ணீர் குளிர். திடீரென்று குதித்தால் தன்னை அறியாமல் வாய் திறந்து மூச்சு உள்ளே இழுக்கும், அந்தக் கணத்தில் தலை தண்ணீருக்குள் இருந்தால் போதும் மூழ்க. கை, முகம், பிடரி என்று நனைத்து, இடுப்பளவில் ஓரிரு நிமிடம் நின்று மூச்சு சீரானதும் நனையுங்கள். பிள்ளைகளைக் கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்துத் துடையுங்கள். உதடு நீலித்தால், நடுங்கினால், அன்றைக்கு அவ்வளவுதான்.

ஓட்டத்தில் அகப்பட்டவர் எழுந்து நிற்க முயலக்கூடாது. இதை எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லுங்கள். கால் இரண்டு கல்லுக்கு இடையில் மாட்டினால் தண்ணீர் முதுகில் தள்ளி ஆளை முகம் குப்புறச் சாய்க்கும், இடுப்பளவு தண்ணீரிலேயே மூழ்கிப் போவார். மல்லாந்து, கால்களை ஓட்டத்தின் திசையில் முன்னே நீட்டி உயர்த்தி, கைகளைத் துடுப்புப் போல வீசிக் கரைப்பக்கம் சரிந்து போக வேண்டும். தண்ணீர் முழங்காலுக்குக் கீழே வந்த பிறகுதான் எழும்பலாம்.

கரையில் நிற்பவர் பின்னால் பாயக்கூடாது. ஒருவர் போன இடத்தில் இரண்டு, மூன்று பேர் போவது இதனால்தான். முதலில் கம்பு நீட்டுங்கள், எட்டாவிட்டால் கயிறு எறியுங்கள். 10 மி.மீ. தடிப்பில் 20 மீட்டர் மிதக்கும் கயிறு ஒன்று வாங்கி, நுனியில் மூடி இறுக்கிய 5 லீற்றர் வெறும் கேன் கட்டுங்கள். கேனுக்குள் ஒரு கிளாஸ் தண்ணீர் விட்டால்தான் எறியும்போது காற்றில் திரும்பாமல் போகும். ஆளுக்கு அப்பால் எறிந்து கயிறு அவர் மேல் விழச் செய்யுங்கள். மறுமுனையை உங்கள் கையிலோ இடுப்பிலோ கட்டாமல், குந்தியிருந்து பிடியுங்கள். போகுமுன் வவுனியாவிலேயே வெளியில் வைத்து எறிந்து பழகிக்கொள்ளுங்கள்.

எடுத்தவருக்கு மூச்சு இல்லையென்றால் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்க வேண்டாம், தலைகீழாகத் தூக்கவும் வேண்டாம். மல்லாக்கக் கிடத்தி, நாடியை உயர்த்தி, மூக்கைப் பொத்தி வாயோடு வாய் வைத்து 5 தடவை ஊதுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் 30 அமுக்கம், 2 மூச்சு, இப்படியே அம்புலன்ஸ் வரும் வரை. 1990 இலவச அம்புலன்ஸ், 119 பொலிஸ். ஆற்றுப் பள்ளத்தில் சிக்னல் பெரும்பாலும் இருக்காது. எந்த இடத்தில் வருகிறது என்று இறங்கும்போதே பார்த்து, அங்கே ஓட ஒருவரைக் குறித்து வையுங்கள். தண்ணீர் குடித்து மூச்சு நின்று எழும்பியவர் தெளிவாகப் பேசினாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். சில மணித்தியாலம் கழித்து நுரையீரல் மோசமாகலாம்.

குடித்தவர் தண்ணீரில் இறங்கக்கூடாது, அவருக்குப் பிள்ளையின் பொறுப்பும் கொடுக்கக்கூடாது. இதில் தாட்சண்யம் பார்க்க வேண்டாம்.

ஓயாக்கரை (ஹட்டன்)

நல்லாச் சொன்னீங்க. இரண்டு விடயம் சேர்க்கிறேன். சிறு ஓடை தேடும்போது மேலும் கீழும் கறுப்புக் குழாய் போகிறதா பாருங்கள். லயங்களுக்கும் பீலிக்கும் தண்ணீர் எடுக்கும் தொட்டி பல இடத்தில் இப்படியான மடுவுக்குக் கீழேதான் இருக்கும். அதற்கு மேலே குளிக்க வேண்டாம், எங்கே குளித்தாலும் சவர்க்காரம், ஷம்போ ஆற்றுக்குள் வேண்டாம். சாப்பாட்டுச் சுற்றிய லஞ்ச் சீட்டையும் பேம்பர்ஸையும் வானிலேயே திருப்பிக் கொண்டுபோங்கள். போத்தல் உடைந்தால் ஒரு துண்டு விடாமல் பொறுக்குங்கள், அந்த இடத்தில் நாளைக்கு எங்கள் பிள்ளைகள் வெறுங்காலோடு இறங்குவார்கள்.

மற்றது எலிக்காய்ச்சல், எலி மூத்திரம் கலந்த தண்ணீர் காயத்தில் பட்டால் வரும். கால் கையில் வெட்டுக்காயம் உள்ளவர் இறங்காமல் இருப்பது நல்லது. ஆற்றுத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம், மேலே தேயிலைக்கு மருந்து அடிப்பதும் உண்டு. வீடு போய் ஒரு மாதத்துக்குள் யாருக்காவது காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் டொக்டரிடம் "மலையகத்தில் ஆற்றில் குளித்தோம்" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். சிவனொளிபாதமலைக் காலம் சித்திரையிலும் ஓடும், போயா, விடுமுறை நாட்களில் ஹட்டன் பாதையில் வாகனம் நெரியும். 8 மணிக்கு ஆற்றங்கரையில் நிற்க வேண்டுமென்றால் 6 மணிக்கே வான் கிளம்பட்டும்.