கலைச்சொல்: லோன் ஆப் கடனில் ‘கூலிங் ஆஃப் பீரியட்’

[தருமபுரியிலிருந்து]

வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலில் ‘கூலிங் ஆஃப் பீரியட்’டுக்குக் ‘குளிர்விப்புக் காலம்’ என்று இருக்கிறது. நீக்கிவிடலாம். பாலக்கோட்டில் லோன் ஆப்பைத் திறந்து பார்க்கும் தக்காளி விவசாயிக்கு அந்தச் சொல் எதையும் உணர்த்தாது.

ரிசர்வ் வங்கியின் 2022 செப்டம்பர் 2 டிஜிட்டல் கடன் வழிகாட்டுதல்களில் வந்த உரிமை இது. கடன் வேண்டாமென்று தோன்றினால், அசலையும் அதுவரையிலான நாள்களுக்குரிய ஆண்டுச் சதவீதச் செலவையும் (வட்டியும் கட்டணங்களும் சேர்ந்த ஆண்டு விகிதம்) மட்டும் கட்டி அபராதமின்றி வெளியேறலாம். திருப்பிச் செலுத்தும் காலம் 7 நாளோ அதற்கு மேலோ உள்ள கடனுக்குக் குறைந்தது 3 நாள், அதற்குக் கீழ் 1 நாள் என்றிருந்தது. 2025 மே 8 வழிகாட்டுதல்களில் குறைந்தபட்சம் 1 நாள். எத்தனை நாள் என்பதைக் கடன் தரும் நிறுவனத்தின் இயக்குநர் குழு தீர்மானிக்கும். ஆகவே சொல் ‘3 நாளை’ உள்ளடக்கக் கூடாது.

இதே ஆங்கிலச் சொல் பரஸ்பர விவாகரத்தில் 6 மாதக் காத்திருப்பைக் குறிக்கிறது. அங்கே காத்திருப்பது பொது விதி, நீதிமன்றம் நினைத்தால் தளர்த்தலாம். இங்கே வெளியேறுவது உரிமை. ஒரே தமிழ்ச் சொல்லை இரண்டுக்கும் போட்டால், 3 நாள் பொறுத்தால்தான் பணம் வரும் என்று கடன் வாங்குபவர் நினைத்துக்கொள்வார்.

என் பரிந்துரை: விலகல் அவகாசம். ‘கெடு’ வேண்டாம். கடன் பேச்சில் கெடு என்றால் மிரட்டல்தான் காதில் விழுகிறது.

[ஓசூரிலிருந்து]

> என் பரிந்துரை: விலகல் அவகாசம்.

‘அவகாசம்’ மிகப் பொருத்தம். தெலுங்கிலும் கன்னடத்திலும் அதற்கு ‘வாய்ப்பு’ என்று பொருள். இங்கே அதுவும் ஒத்துப்போகிறது. ஆனால் ‘விலகல்’ பேச்சு வழக்கில் இல்லை. ‘வாபஸ் அவகாசம்’ என்றால் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் மூன்று மொழிக்காரருக்கும் புரியும். ரிசர்வ் வங்கியின் 2024 ஏப்ரல் 15 சுற்றறிக்கைப்படி, முக்கிய விவர அறிக்கை (கடனின் நிபந்தனைகளையும் செலவுகளையும் சுருக்கிச் சொல்லும் தாள்) கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருந்தாக வேண்டும். விளக்கிச் சொல்லி, புரிந்தது என்று ஒப்புதலும் பெற வேண்டும். புரியாத சொல்லைப் போட்டால் அந்த விதியே வீணாகிவிடும்.

[தருமபுரியிலிருந்து]

‘வாபஸ்’ எனக்கும் பிடித்த சொல்தான். சிக்கல் திசையில் இருக்கிறது. வேட்புமனு வாபஸ் என்றால் நாம் பின்வாங்குவது. பணம் வாபஸ் என்றால் நமக்குத் திரும்பி வருவது. கடன் தாளில் பார்ப்பவர் இரண்டாவதைத்தான் எடுத்துக்கொள்வார். இங்கே பணம் கட்ட வேண்டியவர் அவரே.

கணக்கோடு பார்ப்போம். கடன் ரூ. 20,000, ஆண்டுச் சதவீதச் செலவு 30%, செயலாக்கக் கட்டணம் ரூ. 400 பிடித்துக்கொண்டு கணக்கில் வருவது ரூ. 19,600. அவகாசத்துக்குள் மூன்றாம் நாள் விலகினால் அதுவரையிலான செலவு 20,000 × 0.30 × 3 ÷ 365, ஏறத்தாழ ரூ. 49. கட்ட வேண்டியது ரூ. 20,049. வந்தது இவ்வளவுதானே என்று 19,600-ஐ மட்டும் அனுப்பினால் மீதி ரூ. 449 நிலுவையாக நின்று கடன் முடியாமல் தொடரும். நியாயமான ஒருமுறைச் செயலாக்கக் கட்டணத்தை நிறுவனம் வைத்துக்கொள்ளலாம்; ஆனால் அதை அறிக்கையில் முன்கூட்டியே காட்டியிருக்க வேண்டும்.

ஆப்பை அழித்துவிட்டால் விலகியதாகாது. ஏஜென்டின் எண்ணுக்கு அனுப்புவதும் கூடாது. கடன் கொடுத்த வங்கி அல்லது நிதி நிறுவனத்தின் கணக்குக்கே நேராகப் போக வேண்டும்.

‘முன்கூட்டி அடைத்தல்’ வேறு. அவகாசம் முடிந்தபின் செய்வது அது. அதற்கான விதிகளும் வேறு. இரண்டையும் பட்டியலில் அடுத்தடுத்து வைப்போம்.

[ஓசூரிலிருந்து]

திசைச் சிக்கல் சரிதான், ‘வாபஸ்’ஸை விட்டுவிடுகிறேன். ‘கடன் விலகல் அவகாசம்’ என்று முழுதாக எழுதலாம். வெறும் ‘விலகல்’ புள்ளியியலில் வேறு பொருள் தருகிறது. சொல்லோடு இந்த வரியும் போகட்டும்:

‘கடன் விலகல் அவகாசம்: ___ தேதி வரை. அதற்குள் ரூ. ___ கட்டினால் அபராதமின்றிக் கடன் முடியும்.’

நாள் எண்ணிக்கையைவிடத் தேதி நல்லது. எந்த நாளிலிருந்து எண்ணுவது என்ற சண்டை வராது. தெலுங்கு, கன்னட வரிகளை நான் எழுதி அனுப்புகிறேன்.