சுகர் இறங்கி ஆஸ்பத்திரிக்கு ஓடினவங்க இருந்தா எழுதுங்க

காங்கயத்துக்காரன்:
அப்புச்சி (அம்மாவின் அப்பா) விஷயம். சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், பொழுது சாயற நேரம், கட்டுத்தரையில் மாட்டுக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று என் மாமனைப் பார்த்து "பால் சொசைட்டில இருந்து வர்றீங்களா?" என்று கேட்டார். பெத்த பையனை! சட்டை முழுக்க வேர்வை. பக்கத்து ஊர் கிளினிக்கில் குத்திப் பார்த்தால் சுகர் 38. நரம்பில் 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ், ஏற்றினார்கள், ஊசி முடிவதற்குள் எழுந்து உட்கார்ந்து "எதுக்குடா இங்க கூட்டியாந்தீங்க, மாடு கறக்கோணும்" என்று சத்தம் போட்டார். டாக்டர், நர்ஸ் எல்லாருக்கும் சிரிப்பு. சரி கூட்டிட்டுப் போங்க என்று அனுப்பிவிட்டார்கள், என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று யாரும் கேட்கவில்லை.

விடியற்காலையில் அமுச்சி (அம்மாவின் அம்மா) எழுப்பினால் எழவில்லை, குறட்டை மாதிரி சத்தம் மட்டும் வருகிறது. 108 வந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே டூட்டி டாக்டர் முதலில் கேட்டதே மாத்திரை அட்டையைத்தான். கிளிபென்கிளமைடு, சுகரை இறக்குகிற மாத்திரை. ரத்தம் எடுத்துப் பார்த்தால் கிட்னி எப்படி இருக்கிறது என்று காட்டுகிற கிரியேட்டினினும் கூடுதல். கிட்னி சரியில்லாதவர்களுக்கு அந்த மாத்திரையின் வேகம் லேசில் அடங்காது, குளுக்கோஸ் ஏற்றினால் சுகர் ஏறும், அது தீர்ந்ததும் மறுபடி இறங்கும், ஒரு நாளாவது பெட்டில் வைத்து பார்த்துக்கொண்டே இருக்கணும் என்றார். இப்போது நல்லாத்தான் இருக்கிறார். ஆனால் அந்த கிளினிக் சிரிப்பு இன்னும் என் காதிலேயே இருக்கிறது.

நூல்கண்டு:
திருப்பூர். பனியன் கம்பெனியில் என்னோடு கட்டிங்கில் இருக்கும் அண்ணன், இன்சுலின் போடுகிறவர். ஓவர்டைமில் சாப்பாடு தள்ளிப்போய், பஸ் ஸ்டாப்பில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆடுகிறார், பேச்சு குழறுகிறது. சனிக்கிழமை, சம்பள நாள், கேட்கணுமா? எல்லாரும் ஒதுங்கிப் போகிறார்கள். ஆட்டோக்காரர் ஏற்றவே மாட்டேன் என்றார், வண்டியில் வாந்தி எடுத்துவிடுவாராம். பூ விற்கிற அக்கா ஒருத்தர்தான் கிட்டே வந்து மோந்து பார்த்து, கையைத் தொட்டுவிட்டு, "குடிச்சவனுக்கு இப்படிச் சில்லுனு வேர்க்காது கண்ணு, இது சர்க்கரை" என்றார். அவர் வீட்டுக்காரருக்கும் இருக்கிறதாம். எதிரில் கரும்புச்சாறு வாங்கிக் குடிக்க வைத்தோம். தெளிந்ததும் அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "கம்பெனி ஆளுங்க யாராச்சும் பார்த்தாங்களா?"

கோபி மருமகள்:
கரும்புச்சாறு கொடுத்தது சரி, ஏனென்றால் அவர் நின்றுகொண்டிருந்தார், விழுங்க முடிந்தது. இதைப் படித்துவிட்டு மயங்கிக் கிடப்பவர் வாயில் யாரும் எதையும் ஊற்றிவிடாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108 கூப்பிடுங்கள். எங்கள் அத்தைக்கு நடந்தது சின்ன விஷயம்தான்: கை நடுங்குகிறது என்றார், வீட்டில் இருந்த கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரையை அள்ளிக் கொடுத்தோம், ஏறவே இல்லை. அவர் சாப்பிட்டது மூன்று மருந்து சேர்ந்த மாத்திரை, அதில் வோக்லிபோஸ் இருந்தது. அது சர்க்கரை, வெல்லம் எல்லாம் குடலில் உடைவதைத் தாமதமாக்கும். அவர்களுக்கு குளுக்கோஸ் பவுடர்தான் சரி. அதனால் சொல்கிறேன், மாத்திரை அட்டையைப் படியுங்கள். 70க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ், மூன்று டீஸ்பூன் வரும், 15 நிமிஷம் கழித்துத் திரும்பக் குத்திப் பாருங்கள், ஏறவில்லையென்றால் மறுபடி கொடுங்கள். ஏறியதும் இரண்டு இட்லியாவது சாப்பிட வையுங்கள். சாக்லேட் வேண்டாம், அதிலிருக்கிற கொழுப்பு மெதுவாக்கிவிடும். பிரஷருக்கு பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பை மெதுவாக்கும் மாத்திரை) சாப்பிடுகிறவர்களுக்குப் படபடப்பு தெரியாமலே போகலாம், வேர்வையைத்தான் பார்க்கணும். காங்கயத்துக்காரரே, மாத்திரைப் பேரை கிளினிக்கில் நீங்களே சொல்லியிருக்கலாமே?

காங்கயத்துக்காரன்:
ஏனுங்க, மாத்திரைப் பேர் தெரிந்திருந்தால் நான் ஏன் டாக்டரிடம் போகிறேன்? எழுதிக் கொடுத்தது ஒருத்தர், வாங்கி வந்தது மாமன், மடியில் முடிந்து வைத்திருந்தது அமுச்சி. கேட்க வேண்டியது கோட்டு போட்டவர்.

கோபி மருமகள்:
கோபம் வேண்டாங்க. பொதுவாகச் சொன்னேன்.

தோப்புக்காரர்:
பொள்ளாச்சிப் பக்கம். அப்பாவுக்கு இன்சுலின் பாட்டில் மாறிவிட்டது, ஊசி பழசு. மில்லிக்கு 40 யூனிட் உள்ள பாட்டிலுக்கான சிவப்பு மூடி ஊசியில், மில்லிக்கு 100 யூனிட் உள்ள பாட்டிலில் இருந்து எடுத்தால் 20 கோட்டுக்கு 50 யூனிட் உள்ளே போகும். கடையில் மூடி நிறத்தைப் பற்றி யாரும் மூச்சே விடவில்லை. அன்றைக்கு ராத்திரி முழுக்க டிரிப்பும் கையுமாக உட்கார்ந்திருந்தோம், மணிக்கொரு தடவை விரலில் குத்திக் குத்தி, கடைசியில் அவர் விரலை மடக்கிக்கொண்டு கொடுக்கவே மாட்டேன் என்றார்.

நூல்கண்டு:
அண்ணனிடம் போனில் கேட்டேன். ஆரஞ்சு மூடியாம், பாட்டிலில் 40 என்று போட்டிருக்கிறதாம். அப்போ தப்பா?

தோப்புக்காரர்:
தப்புதான், ஆனால் எங்களுக்கு நேர் எதிர். ஆரஞ்சு 100க்கு உள்ளது, அவருக்கு மருந்து குறைவாகத்தான் போய்க்கொண்டிருக்கும். அதுக்காக இன்றைக்கே சிவப்பு ஊசி வாங்கி அதே கோட்டுக்குப் போட்டுவிடப் போகிறார், ஒரேயடியாக இரண்டரை மடங்கு ஏறிவிடும். பாட்டில், ஊசி இரண்டையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள், அளவை அவர் மாற்றித் தரட்டும்.