அப்பாவின் கறுப்பு டிரங்குப் பெட்டி: மெடல்கள், இரண்டு பென்ஷன், ஒரு சந்தேகம்

கேள்வி: பாலாற்றங்கரை மகள்

வணக்கம். அப்பா போன ஆடி மாதம் தவறிவிட்டார். வயது 78. 1964-ல் மெட்ராஸ் ரெஜிமெண்டில் சிப்பாயாகச் சேர்ந்து, 15 வருஷம் முடித்து 1979-ல் ஊர் திரும்பியவர். அடுத்த வருஷம் முன்னாள் ராணுவத்தினர் ஒதுக்கீட்டில் ஒரு அரசு வங்கியில் கேஷியர் வேலை. ராத்திரியில் உட்கார்ந்து சி.ஏ.ஐ.ஐ.பி. என்ற வங்கித் தேர்வுக்குப் படித்து ஆபீசர் ஆனார். 2006-ல் ஒரு சின்ன ஊர்க் கிளையின் மேனேஜராக ஓய்வு பெற்றார்.

எங்களுக்குத் தெரிந்தது பேங்க் அப்பாதான். போரைப் பற்றி வாயே திறந்ததில்லை. பேங்க் பெட்டகச் சாவி ஒன்று எப்போதும் அவரிடம் இருக்கும். வீட்டில் இருந்தால் வேட்டி மடிப்பில், தூங்கும்போது தலையணைக்கு அடியில். நடுராத்திரியில் அவர் கை தானாகப் போய் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பும். 1988-ல் தாத்தா இறந்த சேதி வந்தபோது, இன்னொரு ஆபீசர் வீடு தேடிப் போய்ச் சாவியை ஒப்படைத்து, ரிஜிஸ்டரில் கையெழுத்து வாங்கிவிட்டுத்தான் பஸ் ஏறினார். போய்ச் சேர்வதற்குள் கொள்ளி வைத்துவிட்டார்கள். அத்தைகள் இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள்.

காரியம் முடிந்து அவருடைய கறுப்பு டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். மேலே ஒரு பித்தளை டோக்கனும், மாட்டின் காதில் மாட்டும் இன்சூரன்ஸ் வில்லை ஒன்றும் இருந்தன. அடியில், பழைய பனியன் துணியில் சுற்றி நான்கு மெடல்கள். ஒன்று நட்சத்திர வடிவம், எழுத்து கறுத்துப் போயிருக்கிறது. டிஸ்சார்ஜ் புக்கில் '16 மெட்ராஸ்' என்று இருக்கிறது. 1971 பாகிஸ்தான் போரில் இந்தப் படை எங்கே இருந்தது? மெடல்கள் எதற்குக் கொடுத்தவை?

இன்னொன்று. அம்மாவுக்கு ராணுவக் குடும்ப பென்ஷன், வங்கிக் குடும்ப பென்ஷன் இரண்டில் ஒன்றுதான் வரும் என்று விசாரித்த இடத்தில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அது சரியா?

பதில் 1: ஓய்வுபெற்ற ஹவில்தார்

அம்மா, உங்கள் அப்பா எங்களுக்கெல்லாம் சீனியர். அவருக்கு என் சல்யூட்.

1971 டிசம்பரில் 16 மெட்ராஸ் மேற்கு முனையில், ஷக்கர்கர் பகுதியில் பசந்தர் ஆற்றோரம் இருந்தது. 15-ம் தேதி ராத்திரி கண்ணிவெடி புதைத்த நிலத்தைக் கடந்து, ஆற்றுக்கு அந்தப் பக்கம் சராஜ் சக் என்ற இடத்தைப் பிடித்தார்கள். சாப்பர்கள் என்கிற ராணுவப் பொறியாளர்கள் கண்ணிவெடியை அகற்றி வழி போட்டால்தான் நம் டாங்குகள் வர முடியும். அதுவரை ஆற்றைக் கடந்தவர்களுக்குக் கையில் இருந்த ஆயுதம்தான் துணை. அடுத்த நாள் நடந்த டாங்குச் சண்டையில்தான் பூனா ஹார்ஸ் என்ற டாங்குப் படையைச் சேர்ந்த அருண் கேதர்பால் 21 வயதில் உயிர் விட்டார். அவருக்குப் பரம்வீர் சக்ரா கிடைத்தது. 16 மெட்ராஸின் கமாண்டிங் ஆபீசர் லெப்டினன்ட் கர்னல் வேத் பிரகாஷ் காய் என்பவரும் அந்தப் போரில்தான் இறந்தார். அவருக்கு மகாவீர் சக்ரா. 17-ம் தேதி இரவு 8 மணிக்குத்தான் அந்த முனையில் போர் நின்றது.

நட்சத்திரத்தில் 'பச்சிமி' என்று இருந்தால் அப்பா மேற்கு முனையில் நின்றவர், 'பூர்வி' என்றால் கிழக்கு முனை. வட்ட மெடல்களின் விளிம்பை டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். நம்பரும் பெயரும் பொறித்திருக்கும். பாலீஷ் மட்டும் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், அந்த எழுத்து போய்விடும்.

பதில் 2: பழைய கேஷியர்

சகோதரி, சாவி விஷயத்தை அத்தைகளிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். பெட்டகம் இரட்டைப் பூட்டு. இரண்டு பேரிடம் இரண்டு சாவி, ஒன்றை மட்டும் வைத்துத் திறக்க முடியாது. உங்கள் அப்பா சாவியோடு ஊருக்குப் போயிருந்தால் மறுநாள் கவுண்டரில் ஒருவருக்கும் பணம் கொடுத்திருக்க முடியாது. ஆஸ்பத்திரிக்கு எடுக்க வந்தவர், கல்யாணத்துக்கு எடுக்க வந்தவர் எல்லோரும் வெறுங்கையோடு திரும்பியிருப்பார்கள். பெற்ற தகப்பன் சாவிலும் அதை நினைத்தார் பாருங்கள். அவரோடு வேலை பார்க்கக் கொடுத்து வைக்கவில்லையே என்றிருக்கிறது.

அந்தக் காது வில்லை ஐ.ஆர்.டி.பி. என்ற ஊரக வளர்ச்சித் திட்டக் காலத்தது. 1980-களில் மானியத்தோடு கறவை மாட்டுக் கடன் கொடுத்தோம். மாடு செத்தால் வில்லையைக் கொண்டுவந்து காட்டணும், இல்லையென்றால் இன்சூரன்ஸ் பணம் வராது. செத்த மாட்டின் காதை அறுத்து, இரத்தம் காயாமல் மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டு கிளை வாசலில் நின்ற ஒரு கிழவியை நான் இன்னும் மறக்கவில்லை. கடன் இருக்கிறது, மாடு இல்லை. க்ளெய்ம் ஃபாரத்தை அன்றைக்கே எழுதி அனுப்பும் மேனேஜரும் உண்டு, மாதக் கணக்கில் அலைய விடுபவரும் உண்டு. வில்லையைப் பெட்டியில் பத்திரமாக வைத்தவர் எந்த வகை என்று எனக்குத் தெரிகிறது.

பதில் 3: குடியாத்தம் பையன்

அக்கா, இரண்டும் கிடைக்கும். 24-9-2012 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. ராணுவ பென்ஷன் வாங்கிக்கொண்டே அரசுத் துறையிலோ பொதுத்துறை நிறுவனத்திலோ வேலை பார்த்தவர் இறந்தால், மனைவி இரண்டு குடும்ப பென்ஷனையும் வாங்கலாம். என் அம்மா வாங்குகிறார். ராணுவப் பக்கம் 'ஸ்பர்ஷ்' என்ற பென்ஷன் இணையதளத்தில் இறப்பைப் பதிவு செய்யுங்கள். வங்கிப் பக்கம் அப்பா பென்ஷன் வாங்கிய கிளையில் தனி விண்ணப்பம். வங்கிக் குடும்ப பென்ஷனுக்கு இருந்த உச்சவரம்பை 2021-ல் எடுத்துவிட்டு, கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்று ஆக்கிவிட்டார்கள்.

அப்புறம், டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ. என்கிற பென்ஷன் உத்தரவு, ஆதார் மூன்றிலும் அம்மா பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எங்களுக்கு ஓர் எழுத்து மாறியதில் ஐந்து மாதம் போனது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு ஒரு நடை போனால் அவர்களே எழுதித் தருவார்கள்.

கேட்டவர்: பாலாற்றங்கரை மகள்

மூன்று பேருக்கும் நன்றி. அம்மா பெயர் எல்லாவற்றிலும் சரியாக இருக்கிறது. திங்கட்கிழமை நல அலுவலகத்துக்குப் போகிறோம். பழைய கேஷியர் ஐயா எழுதியதைப் பெரிய அத்தைக்குப் படித்துக் காட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

நேற்று ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தோம். விளிம்பில் உள்ள நம்பரும் டிஸ்சார்ஜ் புக் நம்பரும் ஒன்றுதான். நட்சத்திரம் பச்சிமி.

டிசம்பர் 15 ராத்திரி என்று ஹவில்தார் ஐயா எழுதியதைக் கேட்டதும் அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. அது மார்கழி பிறக்கிற சமயம். ஒவ்வொரு வருஷமும் அந்த விடியலில் நாங்கள் கோலம் போட எழுந்தால், அப்பா எங்களுக்கு முன்னால் கம்பளியைப் போர்த்திக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார். வாசல் தெளிக்கத் தண்ணீர் மொண்டு வைத்திருப்பார். மார்கழிக்காக எழுந்திருக்கிறார் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தோம்.