புது கேமிங் லேப்டாப், ஆர்டிஎக்ஸ் 4060 கிராஃபிக்ஸ் கார்டு இருந்தும் ரெட் டெட் 2 கேம் வெறும் 25 எஃப்பிஎஸ் (நொடிக்கு 25 ஃபிரேம்). எங்கே கோளாறு?

மேன்ஷன்வாசி:
வணக்கம். தீபாவளி போனஸோடு இஎம்ஐயும் போட்டு ஒரு கேமிங் லேப்டாப் வாங்கியிருக்கிறேன். ஐ7-13650எச்எக்ஸ் பிராசஸர், ஆர்டிஎக்ஸ் 4060 8 ஜிபி, 16 ஜிபி டிடிஆர்5 ரேம், 165 ஹெர்ட்ஸ் திரை. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 விளையாடத்தான் முக்கியமாக வாங்கியது. 1080பியில், எல்லா செட்டிங்ஸும் மீடியத்தில் வைத்தும் 25, 28 எஃப்பிஎஸ்தான் வருகிறது. செயிண்ட் டெனிஸ் ஊருக்குள் குதிரையில் போனால் 20க்கும் கீழே. யூடியூபில் இதே கார்டில் 80, 90 என்று காட்டுகிறார்கள்.

டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் ஜிபியு (கிராஃபிக்ஸ் சிப்) 100% காட்டுகிறது. ஆக, கேம் தப்பான கார்டில் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் சின்ன கிராஃபிக்ஸில்) ஓடவில்லை. சூடும் ஆகவில்லை: ஜிபியு 56 டிகிரி, சிபியு 65. ஃபேன் சத்தம் கூடப் பெரிதாக இல்லை. சார்ஜர் செருகித்தான் விளையாடுகிறேன். ஆனாலும் ஒரு மணி நேரம் ஆடினால் பேட்டரி 20% குறைந்துவிடுகிறது, அது ஏன் என்றும் புரியவில்லை. பெர்ஃபார்மன்ஸ் மோடு போட்டால் அடுத்த நொடியே தானாகப் பழைய மோடுக்குப் போய்விடுகிறது.

வாங்கின கடையில் கேட்டேன், “விண்டோஸை ரீசெட் பண்ணிப் பாருங்க” என்றார்கள். 110 ஜிபிக்கு மேல் இருக்கிற கேமை மொபைல் ஹாட்ஸ்பாட்டில் மறுபடியும் இறக்கச் சொல்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியுமா?

கூல்_குமாரு:
ப்ரோ, சென்னை வெயிலுக்கு எல்லா கேமிங் லேப்டாப்பும் இப்படித்தான். நல்ல கூலிங் பேடு ஒன்று வாங்குங்க, சிப் மேல தடவுற தெர்மல் பேஸ்ட்டும் மாத்திடுங்க. எனக்கு 10 டிகிரி குறைஞ்சது.

வைகை_கேமர்:
டிடியு (டிரைவரை நீக்கும் மென்பொருள்) வைத்து கிராஃபிக்ஸ் டிரைவரை முழுசாகத் துடைத்துவிட்டுப் புது டிரைவர் போடுங்கள். அப்படியே விண்டோஸ் செக்யூரிட்டியில் மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பு வசதியை ஆஃப் செய்தால் கொஞ்சம் எஃப்பிஎஸ் ஏறும்.

சால்டர்மணி:
தம்பி, பேஸ்ட்டில் கை வைக்காதே. புது மிஷின், வாரண்டியோடு விளையாடாதே. மெமரி இன்டெக்ரிட்டியை ஆஃப் செய்தால் சில கேம்களில் கொஞ்சம் கூடும், உண்மைதான். ஆனால் 80 வரவேண்டிய இடத்தில் 25 வருவதற்கு அது காரணமே இல்லை.

நீ எழுதியதிலேயே விடை இருக்கிறது. சூட்டினால் வேகம் குறைந்தால் ஜிபியு 85ஐத் தாண்டியிருக்கும், சிபியு 95ஐத் தொட்டிருக்கும், ஃபேன் பக்கத்து அறைக்குக் கேட்கும். 4060 முழு மூச்சில் ஓடும்போது 56 டிகிரி என்பது சாதாரணமாக நடக்காது. அதற்குப் போதுமான கரண்ட் போகவில்லை, அதனால்தான் இத்தனை குளிர்ச்சி.

100% காட்டுகிறதே என்று கேட்பாய். அந்தச் சதவீதம் ஜிபியு எவ்வளவு நேரம் சும்மா இல்லாமல் இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும், எந்த வேகத்தில் ஓடுகிறது என்று சொல்லாது. பைக்கை முதல் கியரிலேயே வைத்து முழுசாக முறுக்கினால் எஞ்சின் 100% உழைக்கும், வண்டி வேகம் பிடிக்காது. பார்க்க வேண்டியது கிளாக்கும் (ஜிபியு ஓடும் வேகம்) வாட்டும். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருள் போட்டு கேமுக்குள்ளேயே ஜிபியு கிளாக், ஜிபியு பவர் இரண்டையும் திரையில் காட்டச் சொல். இல்லையென்றால் கேம் ஓடும்போது கமாண்ட் பிராம்ப்ட் திறந்து என்விடியா-எஸ்எம்ஐ (nvidia-smi) கட்டளையைக் கொடு, வாட் தெரியும். லேப்டாப் 4060க்கு என்விடியா வைத்திருக்கும் வரம்பே 35 முதல் 115 வாட் வரை, அதற்கு மேல், சிபியுவின் மிச்ச பவரை ஜிபியுவுக்குக் கொடுக்கும் டைனமிக் பூஸ்ட் தனி. உன்னுடையது எதில் நிற்கிறது என்று எழுது.

இன்னொரு கேள்வி. எந்த சார்ஜர் போட்டு விளையாடுகிறாய்? பெட்டியில் வந்ததா?

மேன்ஷன்வாசி:
பார்த்தேன் அண்ணா. 33 வாட், கிளாக் 900 மெகாஹெர்ட்ஸ் பக்கம். அதற்கு மேல் ஏறவே இல்லை.

சார்ஜர் ஆபீஸ் லேப்டாப்புடையது, 65 வாட் டைப்-சி. பெட்டியில் வந்தது செங்கல் சைஸுக்கு 230 வாட் சார்ஜர். அதன் பிளக்கில் 15 ஆம்ப்ஸ் குண்டுப் பின். நான் இருப்பது திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷன், அறையில் இருப்பதே ஒரே ஒரு 5 ஆம்ப்ஸ் சாக்கெட். அயர்ன் பாக்ஸ் வைத்திருந்தாலே மேனேஜர் அறைக்கு வந்து நிற்பார், இதில் 15 ஆம்ப்ஸ் பாயிண்ட் கேட்டால் அறையையே காலி செய்யச் சொல்வார். லேப்டாப்பில் அந்த டைப்-சி துளைக்குப் பக்கத்தில் சார்ஜிங் குறி இருக்கிறது, போட்டால் சார்ஜும் ஏறுகிறது. அப்புறம் என்ன?

சால்டர்மணி:
சார்ஜ் ஏறும், யார் இல்லை என்றார்கள்? பிரவுசர், எக்செல், படம் பார்ப்பது எல்லாவற்றுக்கும் 65 வாட் தாராளம். கேம் வேறு கணக்கு. உன் சிபியுவின் அடிப்படை பவரே 55 வாட், பூஸ்ட்டில் 157 வரை போக அனுமதி உண்டு. ஜிபியுவுக்கு 115. அதோடு திரை, ரேம், எஸ்எஸ்டி, ஃபேன். 65 வாட்டை வைத்துக்கொண்டு மதர்போர்டு என்ன செய்யும்? இரண்டையும் நசுக்கி வைக்கும், பற்றாததைப் பேட்டரியிலிருந்து எடுக்கும். பேட்டரி குறைவதும் பெர்ஃபார்மன்ஸ் மோடு நிற்காததும் அதனால்தான். 100 வாட் டைப்-சி வாங்கலாமா என்று யோசிக்காதே, அதிலும் முழு வேகம் வராது.

குண்டுப் பின்னைப் பார்த்து பயப்படவும் வேண்டாம். 230 வாட் சார்ஜர் முழு லோடில் நம் 230 வோல்ட்டில் இழுப்பது ஒரு ஆம்ப்ஸுக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். லேபிளில் 3 ஆம்ப்ஸ் என்றோ கூடுதலாகவோ போட்டிருந்தால் அது 100 வோல்ட் நாடுகளுக்கும் சேர்த்து எழுதியது. 1000 வாட் அயர்ன் பாக்ஸோடு ஒப்பிட்டால் இது கால் பங்கு.

செங்கல்லின் பின்பக்கம் வயர் நுழையும் இடத்தைப் பார். பல மாடல்களில் டெஸ்க்டாப் கம்ப்யூட்டரின் பவர் சப்ளையில் (எஸ்எம்பிஎஸ்) போடும் அதே வயர்தான் பொருந்தும். பொருந்தினால் சின்னப் பின், எர்த்தோடு மூன்று முனை, ஐஎஸ்ஐ முத்திரை உள்ள கம்ப்யூட்டர் பவர் கார்டு ஒன்று வாங்கிக்கொள். சார்ஜரைத் திறப்பது, வயரை வெட்டி ஒட்டுவதெல்லாம் வேண்டாம். கன்வர்ட்டர் பிளக்கும் வேண்டாம். மலிவானவற்றில் எர்த் பேருக்குத்தான் இருக்கும், அப்புறம் லேப்டாப் மெட்டல் பாடியைத் தொட்டால் கையில் சுருசுருவென்று அடிக்கிறது என்று அடுத்த கேள்வியோடு வருவாய்.

கூல்_குமாரு:
அப்போ கூலிங் பேடு தேவையில்லையா? 😄

சால்டர்மணி:
115 வாட் ஓட ஆரம்பித்த பிறகு வேண்டுமானால் வாங்கட்டும்.

மேன்ஷன்வாசி:
வயர் பொருந்தியது. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி தெரு நடக்கிற தூரம்தான், ஆபீஸ் விட்டு வரும் வழியில் வாங்கிவிட்டேன். இப்போது ஜிபியு 110 வாட் பக்கம், கிளாக் 2300க்கு மேல். செட்டிங்ஸை ஹையில் வைத்தும் வெளிக்காட்டில் 80 எஃப்பிஎஸ் சுலபமாக வருகிறது. வெப்பம் 78. ஃபேன் சத்தத்துக்கு அறை நண்பன் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறான், அது அவன் பாடு.

ஒரு சின்னக் குறை மட்டும் மிச்சம். செயிண்ட் டெனிஸில் 80இலிருந்து 45க்கு விழுந்து ஏறுகிறது, திக்குகிற மாதிரி. அந்த நேரத்தில் ஜிபியு 60% தான்.

வைகை_கேமர்:
ரேம் ஒரே ஸ்டிக்கா? டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கம் போனால் “ஸ்லாட்ஸ் யூஸ்டு” என்று இருக்கும்.

மேன்ஷன்வாசி:
2இல் 1 என்று காட்டுகிறது. ஆனால் சிபியு-இசட் மென்பொருளில் சேனல் 2 × 32 பிட் என்று வருகிறதே, அப்படியென்றால் டூயல் சேனல்தானே (ரேமுக்கு இரண்டு பாதை)?

சால்டர்மணி:
இதில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். டிடிஆர்5இல் ஒரு ஸ்டிக்குக்குள்ளேயே இரண்டு 32 பிட் சேனல் இருக்கும். ஒரு ஸ்டிக்குக்கு 2 × 32, இரண்டு ஸ்டிக் போட்டால் 4 × 32. நீ பாதிப் பாதையில்தான் ஓடுகிறாய். கூட்டம் நிறைந்த ஊருக்குள் சிபியுவுக்கு வேலை அதிகம், அங்கேதான் இந்தக் குறை தெரியும். ஜிபியு 60%க்கு இறங்குவதும் அதைத்தான் காட்டுகிறது.

இன்னொரு 16 ஜிபி லேப்டாப் டிடிஆர்5 ஸ்டிக், இப்போது இருப்பதன் வேகத்திலேயே போடு. ரேம் விற்கிற விலைக்கு இந்த மாதமே வாங்கு என்று சொல்ல மாட்டேன். அதுவரை எஃப்பிஎஸ்ஸை 60இல் கட்டி வைத்து ஆடு, விழுவது அவ்வளவாகத் தெரியாது. பின்மூடியைத் திறந்தால் வாரண்டி போகுமா என்று சர்வீஸ் சென்டரில் முதலில் கேட்டுக்கொள்.