ப்ரூபப் சாம்ப்ளர்ல ஆறு கிளாஸ்: எதை முதல்ல குடிக்கிறது, என்னன்னு எழுதுறது?

எல்லாமே_முக்கால்:

அடுத்த மாசம் பெங்களூர்ல ரெண்டு நாள், நாலு பேர். இந்திராநகர் பக்கம் ப்ரூபப் (அங்கயே பியர் காய்ச்சி விக்கிற பப்) சுத்துறதா திட்டம். எங்க போனாலும் சாம்ப்ளர்தான், அதாவது சின்னச் சின்ன கிளாஸ்ல ஆறு வகை பியர், வாங்குவோம்: ஹெஃபெவைசன், விட்னு ரெண்டு கோதுமை பியர், ஒரு லாகர், ப்ரவுன் ஏல், ஸ்டவுட், ஐபிஏ. போன தடவை அன்டாப்டுல (பியருக்கு மார்க் போடுற ஆப்) நான் போட்ட மார்க்கை எடுத்துப் பார்த்தா எல்லாத்துக்கும் அஞ்சுக்கு 3.75, எழுதினதெல்லாம் "நல்லா இருக்கு, ஸ்மூத்". இந்தத் தடவை ஒழுங்கா ருசிச்சு எழுதணும்.

நாலு சந்தேகம். எந்த வரிசையில குடிக்கிறது? வைசன்ல வாழைப்பழ வாசனை வந்துச்சு, கூட வந்தவன் "எசன்ஸ் ஊத்துறாங்கடா"ன்னான், நிஜமா? ஒரு இடத்துல லாகர்ல வெண்ணெய் பிஸ்கட் வாடை அடிச்சுது, அது அப்படித்தான் இருக்கணுமா, கோளாறா? மார்க் எதை வச்சுப் போடுறது?

டிகாக்‌ஷன்_மாஷ்:

முதல் கேள்விக்கு மட்டும் நான்.

நிறத்தை வச்சு வரிசை போடாதீங்க. கறுப்பா இருக்குன்னு ஸ்டவுட்டைக் கடைசிக்குத் தள்ளுறதுதான் எல்லாரும் பண்ற தப்பு. மெனுவுல ஏபிவி (ஆல்கஹால் சதவீதம்), ஐபியூ (கசப்பு அளவு) போட்டிருந்தா அதைப் பாருங்க. 4.5% ட்ரை ஸ்டவுட், 7% ஐபிஏவை விட எவ்வளவோ லேசு. ஐபிஏவோட கசப்பு நாக்குல ஒட்டிக்கிச்சுன்னா அடுத்து வர்ற விட் வெறும் தண்ணிதான். உங்க ஆறுக்கு லாகர், விட், வைசன், ப்ரவுன், ஸ்டவுட், ஐபிஏ சரியா வரும். ஸ்டவுட் 8%க்கு மேல இருக்கிற இம்பீரியலா இருந்தா மட்டும் அது கடைசி.

இந்த வரிசையில இன்னொரு லாபம் சூடு. பப்ல பியர் பெரும்பாலும் 3, 4 டிகிரியில வந்து இறங்கும். லாகருக்கு 5–7 டிகிரி போதும், வந்த உடனே எடுக்கலாம். ஐபிஏ 8–10லதான் வாய் திறக்கும், ஸ்டவுட் 10–12ல. கடைசி ரெண்டும் உங்க முறை வர்றதுக்குள்ள தானா அந்தச் சூட்டுக்கு வந்துடும். அவசரம்னா கிளாஸை ரெண்டு உள்ளங்கையிலயும் பொத்திப் பிடிங்க, அஞ்சு நிமிஷம்.

ஆறு கிளாஸும் வந்ததும் குடிக்காம ஒவ்வொண்ணையும் ஒரு தடவை மோந்துடுங்க. நுரை இருக்கும்போதுதான் மெல்லிய வாசனைகள் மேல வரும், முதல் ரெண்டு நிமிஷத்துல பாதி போயிடும். முதல்ல கிளாஸை மூக்குக்கு ஒரு சாண் தள்ளி, இடமிருந்து வலமா நகர்த்துங்க. அப்புறம் கிட்டக் கொண்டுவந்து ரெண்டு மூணு குட்டி மூச்சு. நீளமா இழுத்தா மூக்கு மரத்துப்போகும். மரத்துட்டா உங்க முழங்கைச் சட்டையை மோந்து பாருங்க, சிரிக்காதீங்க, பியர் போட்டி ஜட்ஜுங்களும் அதைத்தான் பண்றாங்க.

வாயில வச்சதும் நாக்கு முழுக்க உருட்டிட்டு விழுங்குங்க. வைன் மாதிரி துப்புற வேலை இங்க இல்ல. விழுங்கினதும் வாயை மூடிக்கிட்டு மூக்கு வழியா மூச்சை வெளிய விடுங்க. "ருசி"ன்னு நாம சொல்றதுல பாதி அந்த மூச்சுலதான் இருக்கு. கசப்பு எவ்வளவு நேரம் நிக்குதுன்னும் அப்பத்தான் தெரியும்.

கிளாஸோட உள்பக்கச் சுவர்ல குமிழ் கொத்துக்கொத்தா ஒட்டியிருந்தா அது அழுக்கு கிளாஸ். எண்ணெயோ சோப்போ மிச்சம் இருக்கும், நுரை நிக்காது. மாத்தித் தரச் சொல்லுங்க, கூச்சமே வேண்டாம். மசாலா கடலையையும் சிக்கன் சிக்ஸ்டிஃபைவையும் ஆறும் முடியுற வரைக்கும் மேசையோட அந்தக் கோடியில வைங்க. தண்ணியும் வெறும் ரொட்டியும் போதும். கையில சானிட்டைசர், சட்டையில சென்ட், பக்கத்துல மல்லிகைப் பூ எது இருந்தாலும் நீங்க எழுதுறது பியரைப் பத்தி இல்ல.

ஒரு கிளாஸ் 100 மில்லின்னா ஆறுக்கு 600. முதல் சாம்ப்ளருக்கு மட்டும் குறிப்பு எழுதுங்க, ரெண்டாவதுல நீங்க எழுதுறதை நீங்களே நம்பக் கூடாது. இந்திராநகர்ல மெட்ரோ இருக்கு, வண்டி எடுத்துட்டுப் போகாதீங்க.

ஈஸ்ட்_பாண்டி:

உங்க நண்பர்கிட்ட சொல்லுங்க, எசன்ஸ் இல்ல, ஈஸ்ட். வைசனுக்குன்னே இருக்கிற ஈஸ்ட், நொதிக்கும்போது ஐசோஅமைல் அசிடேட்டை உண்டாக்கும். வாழைப்பழத்துல இருக்கிற அதே சேர்மம். கூடவே 4-வினைல் குவையாகால்னு ஒண்ணு வரும், அது கிராம்பு. ரெண்டும் சேர்ந்ததுதான் ஹெஃபெவைசன். ஜெர்மனியில வைஸ்பியர்னு பேர் வைக்கணும்னா மால்ட்ல (முளைகட்டி உலர்த்தின தானியம்) பாதிக்குக் குறையாம கோதுமை இருக்கணும்.

வாழைப்பழமா கிராம்பா, எது முந்துதுங்கிறது ப்ரூவர் கையில. 17 டிகிரியில நொதிக்க விட்டா கிராம்பு தலைதூக்கும், 22க்கு மேல போனா வாழைப்பழம் கூடும். மாஷ் பண்ணும்போது, அதாவது மால்ட்டைச் சுடுதண்ணியில ஊறவைக்கும்போது, 43–45 டிகிரியில பத்து, பதினஞ்சு நிமிஷம் நிறுத்தினா கிராம்புக்கான மூலப்பொருளான ஃபெருலிக் அமிலம் நிறைய வெளிய வரும். அதனால "வாழைப்பழ வாசனை இருக்கு"ன்னு மட்டும் எழுதினா ஒண்ணும் சொன்னதாகாது. எது முன்னால, எது பின்னால, பழுத்த பழமா, வாழைப்பழ மிட்டாயான்னு எழுதுங்க. மிட்டாயோட சேர்ந்து நெயில் பாலிஷ் நெடியும் அடிச்சா சூடு கைமீறிப் போயிருக்கு, அது குறை.

விட் வேற ஜாதி. பெல்ஜியம், மால்ட் பண்ணாத கோதுமை, கொத்தமல்லி விதை, ஆரஞ்சுத் தோல். அந்த வகையே செத்துப்போன பிறகு, 1966ல ஹோகார்டன் ஊர்ல பியேர் செலிஸ் மறுபடி உயிர் கொடுத்தார். அதுல வாழைப்பழம் தூக்கலா வந்தா தப்பு. மல்லி லேசா, எலுமிச்சை மாதிரி வரணும். குடிச்சதும் ரசப்பொடி ஞாபகம் வந்தா மல்லி கூடிப்போச்சு.

இதுதான் மொத்த விஷயமும். ஒரே வாசனை ஒரு கிளாஸ்ல பெருமை, அடுத்த கிளாஸ்ல குறை. கிராம்பு வைசன்ல வேணும். அதே கிராம்பு ப்ரவுன் ஏல்ல வந்தா காட்டு ஈஸ்ட் புகுந்திருக்கலாம். இந்திராநகர் ப்ரூபப் டாய்ட்டோட பாஸ்மதி ப்ளாண்ட் மாதிரி அரிசி போட்ட பியர்ல உடம்பு (வாயில தெரியுற கனம்) லேசா இருக்கிறது குறையில்ல. ஸ்டவுட் அப்படி நீர்த்துக் கிடந்தா குறை. மெனுவுல ஸ்டைல் பேரைப் படிக்காம மார்க்கே போடாதீங்க.

நுரை_நிற்க:

வெண்ணெய் விஷயத்துக்கு வருகிறேன். அதன் பெயர் டைஅசிட்டைல். செக் நாட்டு லாகர் சிலவற்றில் லேசாக இருக்கலாம், அங்கே அதைக் குற்றமாகக் கொள்வதில்லை. ஜெர்மன் பாணி லாகரில் வந்தால் குறைதான். வாசனையோடு நாக்கிலும் ஒரு வழவழப்பு இருக்கும், எண்ணெய் தடவியது போல. வாசனையில் சந்தேகம் இருந்தால் அந்த வழவழப்பைத் தேடுங்கள்.

ஏன் வருகிறது? நொதிக்கும் ஈஸ்ட் வெளியே விடும் ஒரு பொருள் மெல்ல மெல்ல டைஅசிட்டைலாக மாறுகிறது. வேலை முடியும் தறுவாயில் ஈஸ்ட்டே அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும், ஆனால் அதற்கு நேரமும் கொஞ்சம் சூடும் வேண்டும். லாகரை 10 டிகிரியில் நொதிக்கவிட்டு, கடைசியில் 16–18 டிகிரிக்கு ஏற்றி இரண்டு மூன்று நாள் வைத்திருப்பது இதற்காகத்தான். டேங்க் காலியாக வேண்டும் என்ற அவசரத்தில் அந்த நாட்களை வெட்டினால் வெண்ணெய் மிஞ்சும். ப்ரூவர்கள் இதைப் பிடிக்க ஒரு சோதனை செய்வார்கள்: இரண்டு மூடிய பாத்திரத்தில் பியர், ஒன்றை மட்டும் 60 டிகிரி வெந்நீரில் 20 நிமிடம் வைத்து ஆறவிட்டு இரண்டையும் மோந்து பார்ப்பது. சுட்டதில் மட்டும் வெண்ணெய் வந்தால் பியர் இன்னும் தயாரில்லை.

இன்னொரு காரணம் குழாய். டேங்கிலிருந்து டேப் வரை வரும் லைனை 14 நாளுக்கு ஒருமுறை 2% காஸ்டிக் கரைசலால் கழுவ வேண்டும் என்பது அமெரிக்க ப்ரூவர்ஸ் அசோசியேஷனின் பரிந்துரை. கழுவாத லைனில் பாக்டீரியா குடியேறி வெண்ணெயும் புளிப்பும் சேர்ந்தே வரும். வெண்ணெய் மட்டும் என்றால் ப்ரூயிங்கைச் சந்தேகப்படுங்கள், வெண்ணெயோடு காடிப் புளிப்பும் கலங்கலும் என்றால் லைனை.

கிளம்புமுன் வீட்டில் ஒரு மாலை பயிற்சி செய்யலாம். சாதுவான லாகர் ஒன்றை வாங்கி 350 மில்லி வீதம் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்றில் பேக்கிங் கடையில் கிடைக்கும் பட்டர் எசன்ஸ் நாலைந்து சொட்டு. ஒன்றில் வெள்ளை வினிகர் முக்கால் டீஸ்பூன். ஒன்றில் டின் ஸ்வீட்கார்ன் தண்ணீர் ஒரு டீஸ்பூன். இது டிஎம்எஸ் என்ற சேர்மத்தின் வாடை, வோர்ட்டை (இன்னும் நொதிக்காத மால்ட் சாறு) மூடிவைத்துக் கொதிக்கவிட்டாலோ மெதுவாக ஆறவிட்டாலோ வருவது. பச்சை பாட்டில் பியரை அரை மணி நேரம் வெயிலில் வைத்தால் ஹாப்ஸின் (பியரில் கசப்புக்காகச் சேர்க்கும் பூ) கசப்புப் பொருள் வெளிச்சத்தில் உடைந்து ஒரு நாற்றம் வரும். மேலை நாட்டார் ஸ்கங்க் என்பார்கள். அந்தப் பிராணியை நாம் கண்டதில்லை, எரிந்த ரப்பர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழுப்பு பாட்டில் இதைப் பெருமளவு தடுக்கும்.

பிறகு மூன்று கிளாஸ். இரண்டில் சுத்தமான பியர், ஒன்றில் கலந்தது, எது எதென்று தெரியாமல் வேறொருவர் ஊற்ற வேண்டும். வித்தியாசமானதைக் கண்டுபிடியுங்கள். குருட்டாம்போக்கிலேயே மூன்றில் ஒருமுறை சரியாக வரும் என்பதால் ஒரு தடவையோடு நிறுத்தாதீர்கள்.

எல்லாமே_முக்கால்:

அருமை, மூணு பேருக்கும் நன்றி. ஆனா வார்த்தைதான் வர மாட்டேங்குது. நெட்ல டோஃபி, கிரேப்ஃப்ரூட், பைன்னு எழுதுறாங்க. பைன் மரத்தை நான் ஊட்டியில பார்த்ததோட சரி.

டிகாக்‌ஷன்_மாஷ்:

அப்ப எழுதாதீங்க. உங்க மூக்கு பழகின பேரைச் சொல்லுங்க. மால்ட் வாசனைக்கு ஹார்லிக்ஸை விட நல்ல வார்த்தை இல்ல, அதுல இருக்கிறதே மால்ட் பண்ண பார்லிதானே. கேஸ்கேட் ஹாப்ஸோட கிரேப்ஃப்ரூட்டுக்கு பம்பளிமாஸ். சிட்ரா ஹாப்ஸுக்கு மாம்பழம்; பழுத்ததா, காயான்னும் பிரிச்சு எழுதலாம். ஸ்டவுட்ல வறுத்த பார்லிக்கு டிகாக்‌ஷன், சிக்கரி கலந்ததா கலக்காததா. பழசாகி ஆக்ஸிஜன் புகுந்ததுக்கு மழையில நனைஞ்ச அட்டைப்பெட்டி. ப்ரவுன் ஏலோட கேரமலுக்குக் கருப்பட்டி.

ஈஸ்ட்_பாண்டி:

கருப்பட்டிக்கு நான் ஒத்துக்க மாட்டேன். அதுல ஒரு புகை வாடை இருக்கு. ப்ரவுன் ஏல்ல புகைன்னு படிக்கிறவன் நினைச்சா பாம்பெர்க் ரவுக்பியருக்கு (புகையூட்டின மால்ட்ல பண்ற ஜெர்மன் பியர்) போயிடுவான். அடிப்பிடிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடி இறக்கின பால்கோவா, அதுதான் கேரமல் மால்ட்.

டிகாக்‌ஷன்_மாஷ்:

ஏத்துக்கிட்டேன். கருப்பட்டியை அடர்த்தியான இம்பீரியல் ஸ்டவுட்டுக்கு வச்சுக்கலாம்.

நுரை_நிற்க:

மதிப்பெண்ணுக்கு, பிஜேசிபி (பியர் போட்டி நடுவர்களுக்கான அமைப்பு) தாள் 50க்கு: வாசனை 12, தோற்றம் 3, சுவை 20, வாயில் உணர்வு 5, மொத்த அபிப்பிராயம் 10. தோற்றத்துக்கு மூன்றே மூன்று என்பதைக் கவனியுங்கள். படம் எடுத்துப் போட்டு அதற்கே ஒரு ஸ்டார் ஏற்றுபவர்களுக்காகச் சொல்கிறேன். 38ம் அதற்கு மேலும் பிரமாதம், 30–37 மிக நன்று, 21–29 நன்று. ஐந்து பிரிவுக்கும் தனித்தனியாக எண் போட்டுக் கூட்டினால் எல்லாம் 3.75ல் போய் நிற்காது. பிடித்ததா என்பதை வேறு இடத்தில் எழுதுங்கள். நல்ல லாகருக்கு 40 போட்டுவிட்டு "எனக்கு லாகர் பிடிக்காது" என்றும் எழுதலாம்.

இந்த மாதிரி இருந்தால் போதும்: "ஹெஃபெவைசன், 5%. கலங்கிய மஞ்சள், நுரை மூன்று நிமிடம் நின்றது. முதலில் கிராம்பு, சூடேற ஏற வாழைப்பழம், பின்னால் ரொட்டி மாவு. கசப்பு மிகக் குறைவு, முடிவு கொஞ்சம் தித்திப்பு. குமிழ் போதவில்லை, அதனால் நாக்கில் கனக்கிறது. 10, 3, 15, 3, 7. மொத்தம் 38."

ஒன்று விட்டுப்போனது. இரும்பு வாடை என்று சந்தேகம் வந்தால் புறங்கையில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்து மோந்து பாருங்கள். பியரில் இருந்தால் அங்கே பளிச்சென்று தெரியும். அதற்கு முன் கை கழுவியிருக்க வேண்டும்; மெட்ரோ கம்பியைப் பிடித்த கையில் இரும்பு எப்போதும் இருக்கும்.