புதுப்பிப்பு: லிப்ரே ஆபிஸ் தமிழ்க் கையேடு

மலேசியாவின் சுங்கை சிப்புட் கணினி வகுப்புக்கு, லிப்ரே ஆபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளைப் பற்றி நாங்கள் எழுதிய கையேடு பழசாகிவிட்டது, திருத்த ஆள் வேண்டும் என்று போன மாதம் கேட்டிருந்தேன். இரண்டு பேர் வந்தார்கள், ரொம்ப நன்றி.

கையேடு மென்பொருளின் 7.6 பதிப்புக்கு எழுதியது. 2024இல் பதிப்பு எண் ஆண்டு, மாதக் கணக்குக்கு மாறி 24.2 ஆனது. தோட்டத்திலிருந்து வரும் அக்கா ஒருவர், "தம்பி, 7க்கு அப்புறம் 24ன்னா, நடுவுல உள்ள பதினாறு எங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. தானியங்கி மீட்பை (கணினி திடீரென நின்றால் வேலையைத் திரும்ப எடுத்துத் தரும் வசதி) நாமே இயக்க வேண்டும் என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தோம், 24.2இல் அது முன்கூட்டியே இயக்கத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டோம்.

இப்போது ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் சோதித்த பதிப்பு எண் இருக்கும். படங்களையும் பாதியாகக் குறைத்தோம். பட்டன் இடம் மாறினால் முதலில் தப்பாவது படம்தான்.

கால்க் (கணக்குப் போடும் விரிதாள்) பகுதியை இன்னும் தொடவில்லை. யாராவது எடுத்துக்கொள்கிறீர்களா?