ஸ்கிரிப்ட் 0 என்கிறது, கணக்கு உதைக்கிறது

வேளச்சேரிவாசி:
தண்ணீர் கேன் சப்ளை கம்பெனி ஒன்றில் டேட்டா வேலை. கிளைகளின் பில்கள் ஜிஸிப் செய்த (சுருக்கிய) சிஎஸ்வி கோப்பாக, அதாவது கமாவால் பிரித்த அட்டவணையாக வரும். இரவு 2 மணிக்கு கிரான் (குறித்த நேரத்தில் தானாக ஓட்டுவது) என் ஸ்கிரிப்டை ஓட்டும்: சுருக்கத்தைப் பிரிக்க ஸீகேட், வேண்டிய காலங்களை (column) வெட்டியெடுக்க கட், கூட்ட அவ்க், ஒன்றின் வெளியீடு அடுத்ததற்குப் போகும்படி எல்லாம் ஒரே பைப்பில். எக்ஸிட் கோட் தினமும் 0, அதாவது பிழை இல்லை. ஆனால் போன வாரம் இரண்டு நாள் அம்பத்தூர் கிளைக்குப் பாதித் தொகைதான் வந்தது. அந்தக் கிளை மேனேஜர் தன் கணக்கு நோட்டைக் கொண்டுவந்து என் மேஜையில் விரித்துவிட்டார். காலையில் அதே ஸ்கிரிப்டைக் கையால் ஓட்டினால் சரியாக வருகிறது! எங்கே பார்ப்பது?

குழாயடி:
இரவில் தப்பு, காலையில் சரி என்றால் 2 மணிக்குக் கோப்பு முழுசாக வந்து சேரவில்லை. ஸ்கிரிப்டை ஓட்டும் பாஷில் பைப்பின் எக்ஸிட் கோட் என்பது கடைசிக் கட்டளையுடையது மட்டும். ஸீகேட் பாதியில் அலறியிருக்கும். அவ்க் வந்தவரை கூட்டிவிட்டு 0 சொல்லியிருக்கும். ஸ்கிரிப்ட் தொடக்கத்தில் 'செட் மைனஸ் ஓ பைப்ஃபெயில்' போடுங்கள், நடுவில் எது தோற்றாலும் பைப்பே தோற்றதாகச் சொல்லும். பைப்புக்கு அடுத்த வரியிலேயே பைப்ஸ்டேட்டஸை அச்சிடுங்கள், ஒவ்வொரு கட்டளையின் கோடும் வரிசையாகத் தெரியும். நடுவில் ஒரு எக்கோ வந்தாலும் அது மாறிவிடும். அப்புறம், எரர் செய்திகளை டெவ் நல்லுக்கு (போட்டதெல்லாம் மறையும் இடம்) அனுப்பியிருக்கிறீர்களா? உண்மையைச் சொல்லுங்கள்.

வேளச்சேரிவாசி:
அனுப்பியிருந்தேன். கிரான் மெயில் தொல்லை தாங்காமல்.

ராத்திரி ஷிஃப்ட்:
பைப்ஃபெயில் போட்டால் முதல் சில வரிகளை மட்டும் எடுக்கும் ஹெட் இருக்கும் இடங்களில் 141 வரலாம், பயப்படாதீர்கள். அது சிக்பைப், படிப்பவர் போய்விட்டார் என்ற சிக்னல்: 128 கூட்டல் அதன் எண் 13. எனக்கு கட் மேல்தான் சந்தேகம். கோப்பில் முகவரிக்கு ஒரு காலம் உண்டா? மேற்கோளுக்குள் இருக்கும் கமாவை அது மதிக்காது. அவ்கில் கமாவைப் பிரிப்பானாக வைத்து என்எஃப் (வரியில் எத்தனை காலம் என்ற எண்) மட்டும் அச்சிட்டு, சார்ட், யுனிக் மைனஸ் சி வழியாக விட்டு, எந்த எண் எத்தனை முறை என்று பாருங்கள். எல்லா வரிக்கும் ஒரே எண் வர வேண்டும்.

வேளச்சேரிவாசி:
இருவருக்கும் நன்றி. பைப்ஸ்டேட்டஸ் 1 0 0, ஸீகேட்தான் தோற்றிருக்கிறது. அம்பத்தூரில் அப்லோட் 2 மணி தாண்டியும் ஓடுகிறது. இனி வேறு பெயரில் ஏற்றி, முடிந்ததும் பெயரை மாற்றுவார்கள். நானும் முதலில் ஜிஸிப் மைனஸ் டி (-t) ஓட்டி, கோப்பு முழுசா என்று பார்த்துவிடுவேன்.

என்எஃப்தான் வயிற்றைக் கலக்கியது. எங்கள் வேளச்சேரி கிளையிலேயே 37 வரிகளில் 9க்குப் பதில் 11. முகவரிக்கு அடுத்த காலம் தொகை. 480 ரூபாய் பில்லில் அந்த இடத்தில் '2வது குறுக்குத் தெரு' உட்கார்ந்திருக்கிறது, அவ்க் அதை 2 ரூபாய் என்று கூட்டியிருக்கிறது! மற்றவர்கள் கமாவே போடுவதில்லை. புதிதாகச் சேர்ந்த பையன்தான் முகவரியை ஒழுங்காக அடிக்கிறான். கட் கட்டளையைத் தூக்கிவிட்டு, மேற்கோளை மதிக்கும் சிஎஸ்விகிட் போடுகிறேன். இந்தக் கிளை மேனேஜர் இன்னும் நோட்டைத் திறக்கவில்லை.